மீன் ஐஸில் வைத்த சிலிண்டர்

1

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்று இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்தது. மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், ஒரு தகரக் கொட்டகையில், “இதைத் திறக்க முடியாது, தூக்கிப் போடு” என்று கம்பெனிக்காரனே கைவிட்ட ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரை அறுத்துத் திறந்து, உள்ளே புதிதாகச் சுருள் கட்டி, மறுபடி பற்றவைத்து ஓடவிட்டேன். பாண்டி பஜாரில் ஏசி போட்ட துணிக்கடை என்று ஒன்று வந்தபோது, அந்தக் குளிர்க்காற்று போக வழி அடித்துக் கொடுத்தது இந்தக் கை. துறைமுகத்தில் கப்பல்களின் குளிர் அறைகளைச் சரிசெய்யப் போய், ஒரு கப்பலிலேயே ஃபிட்டராக ஏறி, கடைசியில் ஹாலந்து நாட்டு ரோட்டர்டாமில் இறங்கினேன். பாஷை தெரியாது, ஆள் தெரியாது. இன்று இங்கே எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது. சிபாரிசு என்று ஒருவர் வாசலிலும் நான் போய் நின்றதில்லை.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்று உண்டு. பழுதான ஃபிரிட்ஜில் மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் விடாமல் உறிஞ்சிப் பிடிக்கும் மெஷின் ஒன்றைச் சென்னையில், பழைய இரும்புக் கடைச் சாமான்களை வைத்துக் கட்டினேன். தி.நகரில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

போன வாரம் தபாலில் ஒரு ஆண்டு மலர் வந்தது. எங்கள் மாம்பலம் பகுதி ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் சங்கம் போட்ட மலர். நடுப்பக்கத்தில், புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த என் மெஷினின் படம். பக்கத்தில் மாலையும் ஷீல்டுமாகச் சங்கத் தலைவர், என் தம்பி கஜேந்திரன். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். என் பெயர் அதில் இல்லை.

2

கேஸ் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜைக் குளிரவைப்பது அதற்குள் சுற்றி வருகிற ஒரு கேஸ். பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் அதை வெளியேற்ற வேண்டும். குழாயை வெட்டினால் ‘புஸ்’ என்று போய்விடும். வாசனை இல்லை, எரிவதும் இல்லை. உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். எங்கள் மாம்பலத்துக் கொட்டகையில் அதற்கும் ஒரு படி மேலே போனோம். குழாயில் தூசி அடைத்தால் புது சிலிண்டரைத் திறந்து கேஸாலேயே ஊதிச் சுத்தம் செய்வோம்.

ரோட்டர்டாமில் திடீரென்று சட்டம் வந்தது. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்காதவன் கேஸைத் தொடக் கூடாதாம். முப்பது வருடமாகத் தொட்டவனுக்குப் பரீட்சை! அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் பள்ளிச் சான்றிதழ் கேட்டாள். “நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது புடவை விற்கிறார்கள், போய்க் கேளுங்கள்” என்றேன். மொழிபெயர்க்கக் கூட வந்த என் மகள் சுமதி, அதைச் சொல்லாமல் வேறு எதையோ மரியாதையாகச் சொல்லிவைத்தாள். மூன்று அலுவலகம் அலைந்து, டச்சு மொழியில் பரீட்சை எழுதி, இரண்டாவது தடவையில் வாங்கினேன். முதல் தடவை என் எழுத்துதான் தோற்றது. நான் தோற்கவில்லை.

வகுப்பில் வாத்தியார் படம் போட்டுக் காட்டினார். இந்தக் கேஸ் மேலே மேலே போகிறது. அங்கே வெயில் பட்டு உடைந்து, சூரியனின் கொடிய கதிரைத் தடுக்கிற ஓசோன் படலத்தைத் தின்கிறது. அது போதாதென்று, கம்பளி போர்த்தியது போலப் பூமியின் சூட்டையும் பிடித்து வைக்கிறது. படங்கள் எதுவும் எனக்கு ஏறவில்லை. ஏறியது வேறொன்று.

ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்த ஃபிரிட்ஜை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே அது நின்றுவிடாது. நன்றாகத்தான் குளிரும். ஆனால் சத்தம் மாறும். நின்று நின்று ஓட வேண்டிய கம்ப்ரஸர் மூச்சுவிடாமல் ஓடும். உள்ளே பனி படிகிற கோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். வீட்டுக்காரர் கையை விட்டுப் பார்த்து, “ஜில்லுன்னுதானே இருக்கு” என்பார். பால் திரியும்போதுதான் ஆள் அனுப்புவார். அதற்குள் கம்ப்ரஸர் கருகியிருக்கும். வாத்தியார் காட்டிய படத்தில் பின்வாங்குகிற அந்தப் பனிக் கோட்டைத்தான் நான் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அடுத்த விடுமுறைக்குச் சென்னை வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கடைக்குப் போனேன். நான் விட்டுவிட்டுப் போன அதே கொட்டகை. இப்போது கஜேந்திரன் அதைக் கல் கட்டடமாக்கியிருந்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“வானத்துல ஓட்டைன்றியேண்ணா, எங்க கீது? மாம்பலத்து மேலயா, சைதாப்பேட்டை மேலயா?”

“தென் துருவத்துக்கு மேல.”

“அப்ப அங்க கீற பென்குயினு கவலப்படட்டும். இங்க கஸ்டமரு காத்துக்கினு கீறான்.”

“யா, யா, சிரி” என்றேன் கோபத்தில்.

“ஆமான்னு சொல்றது மறந்து பூட்ச்சா? ஆடு மாதிரி யா யான்ற?” கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். “உலகம் சூடாவுதுன்றான் எங்கண்ணன். சூடானாத்தானேண்ணா ஏசி விக்கும்? நல்ல சேதியப் போயி எழவு சேதி மாதிரி சொல்றியே!”

“அந்த ஏசிக்குப் போடுற கேஸே சூட்டை ஏத்துதுடா.”

“இன்னும் நல்லதாப் போச்சு. இந்த ஏசி அடுத்த ஏசிய விக்குது.” பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னான். “வெள்ளக்காரன் புச்சா ஒரு கேஸ் கண்டுபுட்ச்சிருப்பான். பழச நாம தூக்கிக் கடாசினாத்தான் அவன் சரக்கு ஓடும். அதுக்குத்தான் இந்த ஓட்ட. நீயும் நம்பிக்கினு வந்துட்ட.”

“டாக்டர் ஃபீஸ் வாங்குறாருன்னு காய்ச்சல் பொய்யாயிடுமா?”

“டாக்டர் கையப் புட்ச்சிப் பாத்துட்டு சொல்றாரு. நீ பாத்தியா ஓட்டைய?”

கேஸால் குழாய் ஊதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்றும் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டினான். சொன்னால் என்ன? சொல்லிக் கொடுத்தவன்தானே நிறுத்தவும் சொல்ல முடியும்? அன்றைக்கே முடிவு செய்தேன், இவர்களிடம் பேசிப் பயனில்லை, கட்டிக் காட்டுவோம் என்று.

4

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சந்தில் காதர் பாய் பற்றவைப்புப் பட்டறை வைத்திருந்தார். செம்புக் குழாயில் அவர் வைத்த ஒட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் காலத்து சிநேகிதர்.

“அங்க இதுக்குன்னு மெஷினே விக்கிறான்றீங்க. ஒண்ணத் தூக்கினு வந்திருக்கலாம்ல அண்ணே?”

“அதுக்கு ஏர்போர்ட்ல டூட்டி கட்டுறதுக்கு என் வீட்டை விக்கணும் பாய்.”

செத்த ஃபிரிட்ஜ் ஒன்றின் கம்ப்ரஸர், பழைய வாட்டர் கூலரின் சுருள், எண்ணெயைப் பிரிக்க ஒரு இரும்புக் குண்டு, ஈரத்தை உறிஞ்ச ஒரு வடிகட்டி, ஒரு காலி சிலிண்டர். படம் நான் மண்ணில் போட்டேன், பாய் பற்றவைத்தார். ஓட்டினோம். உறிஞ்சியது! ஆனால் சிலிண்டருக்குள் போன கேஸ் திரவமாகி அடங்கவில்லை. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போனது. ரோட்டர்டாம் குளிரில் சிலிண்டர் தானே குளிர்ந்திருக்கும். இது சென்னை வெயில்.

“வெடிச்சா மயிலாப்பூரே தெறிக்கும். வாணாம் அண்ணே” என்று பாய் ஸ்விட்சை அணைத்தார்.

ஐஸ் யோசனை எனக்குத்தான் வந்தது. அடையாறைத் தாண்டி ஊரூர் குப்பத்தில் காலையில் மீன் விற்று முடிந்ததும் கூடைகளில் நொறுக்கின ஐஸ் மிஞ்சும். ஒரு டப்பா நிறைய வாங்கி அதற்குள் சிலிண்டரை நிறுத்தினால் முடிந்தது.

“இன்னா நைனா, மீனு வாங்காம ஐஸ் மட்டும் வாங்கினு போற? வூட்ல ஐஸ் கொழம்பா?” என்று மீன்காரம்மா கேட்டாள். முள் இறங்கி நின்றபோது காதர் பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மெஷினின் இடது காலில் உளி வைத்து ஏகாம்பரம் என்று என் பெயரை வெட்டினார். தன் பெயரை வெட்டிக்கொள்ளவில்லை, நானும் சொல்லவில்லை.

5

முதல் வேலை மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் ஒரு ஃபிளாட்டில். நான் கொட்டகை வைத்திருந்த காலத்திலிருந்து எங்களிடமே ஃபிரிட்ஜ் பார்க்கிற மாமி. கணவர் அரசாங்க வேலையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவோம். மெஷினையும் ஐஸ் டப்பாவையும் கஜேந்திரனும் நானும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

“ஏகாம்பரம், இது என்ன நாத்தம்? ஐஸ்ல மீன் வாடைன்னா வர்றது!”

“வெறும் தண்ணிதான் மாமி.”

“தண்ணியாவது! நேக்குக் குமட்டிண்டு வர்றது. வாசல்லயே வச்சுண்டு என்ன வேணா பண்ணு. ஆத்துக்குள்ள கொண்டு வராதே.”

மெஷினை மாடிப்படித் திருப்பத்தில் வைத்து, குழாயைச் சமையலறை ஜன்னல் வழியாக இழுத்தேன். இத்தனை கூத்து எதற்கு என்று சார் கேட்டார். சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“நானும் படிக்கறேன்ப்பா. ரெண்டு விதமாவும் எழுதறா. ஆமாங்கறவனும் சயின்டிஸ்ட், இல்லேங்கறவனும் சயின்டிஸ்ட். முழுசா நிரூபணம் ஆகட்டும். அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே என்ன அவசரம்?”

“சார், இந்த ஃபிரிட்ஜ்ல எப்ப சத்தம் மாறுச்சு?”

அவர் வாய் திறக்கும் முன் மாமி சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். “பொங்கலுக்கு முன்னாடியே சொன்னேன் ஏகாம்பரம். ‘கூலிங் இருக்கோல்லியோ, சும்மா இரு’ன்னுட்டார் உங்க சார்.”

“அப்பவே கூப்பிட்டிருந்தா ஒரு பத்தவைப்புல முடிஞ்சிருக்கும். இப்ப கம்ப்ரஸரே போச்சு. ஆகாசமும் அப்படித்தான் சார்.”

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஃபிரிட்ஜுக்கு நீ மெக்கானிக். நீ சொன்னா நான் கேட்டுக்கறேன். ஆகாசத்துக்கும் நீதான் மெக்கானிக்கா ஏகாம்பரம்?”

படிக்கட்டிலிருந்து கஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். குழாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பதில் விமானத்தில்தான் வந்தது, கீழே கடல் மட்டும் தெரிந்தபோது. ஆகாசத்துக்கு மெக்கானிக் கிடையாது சார். அதனால்தான் சத்தம் மாறும்போதே கவனிக்க வேண்டும். அவரைப் பிறகு பார்க்க வாய்க்கவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

6

இங்கேயும் ஒன்றும் குறைச்சலில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர், “உலகம் கொஞ்சம் சூடானால் நல்லதுதானே ஏகாம், தோட்டத்தில் திராட்சை போடலாம்” என்பார். சென்னைக்காரன் ஏசி விற்கும் என்கிறான், இவர் திராட்சை விளையும் என்கிறார். ஆளுக்கொரு லாபம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் வேடிக்கை, எங்கள் தெருவே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடலை ஒரு கரைதான் தடுத்து நிறுத்துகிறது. அந்தக் கரைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இங்கே தனி வரி உண்டு. திராட்சைக் கிழவரும் அதைத் தவறாமல் கட்டுகிறார். “கடல்தான் இந்த வருடம் வரவில்லையே, ஏன் கட்டினீர்கள்?” என்று ஒருநாள் கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். “கட்டுவதால்தானே வரவில்லை” என்றார். கரை விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற மனிதருக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் நான் சொல்வது அதே விஷயம்தான் என்று இன்று வரை விளங்கவில்லை.

சுமதிக்கு விளங்குகிறது. ஆனால் அவளுக்கு என்னோடு பேச நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், கோட்டைக் கழற்றாமல் உட்கார்வாள். தமிழில் தொடங்கி டச்சில் முடிப்பாள். வானத்தில் விழுந்த ஓட்டை வழியாகத்தான் சூடு வருகிறது என்று நான் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு ஒருநாள் திருத்தினாள்.

“அப்பா, ஓட்டை வேற, சூடு வேற. இந்தக் கேஸ் ரெண்டையும் செய்யுது, அவ்வளவுதான். ரெண்டையும் கலந்து சொன்னா யாரும் உங்களை நம்ப மாட்டாங்க.”

திருத்தியதில் தப்பில்லை. அதற்கப்புறம் சொன்னதுதான் தைத்தது. “செஞ்சது செஞ்சாச்சு. அதை ஏன் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க? கேக்குறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.”

வேலை செய்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இவள் வளர்ந்த ஊரில் நாகரிகம். வாயை மூடிக்கொண்டிருந்தவனின் பெயர் எங்கே போகும் என்பதை அந்த மலர் காட்டிவிட்டது.

7

மெஷினைக் கஜேந்திரன் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த முறை போனபோது அது மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை! பளபளவென்று இருந்தது. தினமும் குப்பத்திலிருந்து ஐஸ் வருகிறது, பசங்கள் வேலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என்ன இருந்தாலும் தம்பி, அண்ணன் சொல்லைத் தட்டவில்லை என்று நினைத்தேன்.

“புடிச்ச கேஸெல்லாம் எங்கடா வச்சிருக்க?”

“எங்க வெக்கறது? சிலிண்டரு ரொம்பிடுதில்ல? மொட்டமாடிக்குத் தூக்கினு போயி தொறந்து வுட்டுடுவோம்.”

என் காதை நானே நம்பவில்லை. “தொறந்து வுட்டுடுவீங்களா?”

“பகல்ல இல்லண்ணா!” என்று அவசரமாகச் சொன்னான். என்னைச் சமாதானப்படுத்துகிறானாம். “வெயிலு பட்டாத்தான் கெடுதின்னு நீதானே சொன்ன? பொழுது சாஞ்சப்புறம்தான் வுடறது. நல்லா இருட்டினப்புறம். அந்நேரத்துக்கு சூரியனே இல்ல, இன்னா ஆவப்போவுது?”

கேலிக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தார்கள். ஒரு வருடம் முழுக்க மீன் ஐஸ் சுமந்து, மாமிகளிடம் திட்டு வாங்கி, கேஸைச் சொட்டுவிடாமல் பிடித்து, இருட்டியதும் மரியாதையாகக் காற்றில் விட்டிருக்கிறார்கள்.

“டேய், நாளைக்கு சூரியன் வராதா? நீ விட்ட கேஸ் விடியறதுக்குள்ள எங்கடா போகும்? உனக்கும் எனக்கும் அப்புறமும் அது மேலதான்டா இருக்கும்.”

“அப்டியா?” என்றான். முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிட்டேன். பிடித்த கேஸை வடிகட்டியில் விட்டு ஈரம் எடுத்து, ரிப்பேர் முடிந்த அதே ஃபிரிட்ஜில் திருப்பி ஏற்ற வேண்டும் என்று செய்து காட்டினேன். அப்புறம்தான் அது கேஸ் பிடிக்கிற மெஷின் ஆனது.

பிறகு பெரிய நாடுகளில் அந்தக் கேஸ் தயாரிப்பு நின்றது. சென்னையிலும் தட்டுப்பாடு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் கடைகளில் சரக்கைப் பதுக்கினார்கள். மற்ற மெக்கானிக்குகள் சிலிண்டருக்கு அலைந்தபோது கஜேந்திரன் பிடித்துவைத்த கேஸை வைத்து வேலையை முடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று எல்லாருக்கும் ஓசோன் மேல் அக்கறை வந்துவிட்டது. மெஷினைப் பார்க்கச் சைதாப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

8

அடையாறில் ஒரு ஹாலில் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்ததாம். அதிகாரிகள் வந்தார்களாம். மெஷினை மேஜை மேல் வைத்து மாலை போட்டார்களாம். மலரில் படத்தின் கீழே, ‘நம் சங்கத் தலைவர் தம் சொந்த முயற்சியில் உருவாக்கிய கருவி’ என்று போட்டிருக்கிறது. அவன் பேச்சையும் அச்சடித்திருக்கிறார்கள். ‘உலகமே அலட்சியமாக இருந்தபோது, இதன் ஆபத்தை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர்கள் நாங்கள்.’

போன் போட்டேன்.

“இன்னாண்ணா, நம்ம குடும்பத்துக்குத்தானே பேரு? நீ அங்க கீற. உன் பேரப் போட்டா இங்க யாருக்குத் தெரியும்?”

“ஆரம்பத்திலேயே உணர்ந்தோம்னு பேசியிருக்கியே, வெக்கமா இல்ல?”

“மேடைல வேற எப்டிப் பேசறது? கெக்கேன்னு சிரிச்சோம்னா சொல்ல முடியும்?” பிறகு அவனே என்னைக் கேட்டான். “நீ சொன்ன, லீவு முடிஞ்சி பூட்ட. வருசம் பூரா ஐஸு தூக்கினது யாரு?”

அது நியாயம். ஐஸ் தூக்கியது அவன்தான், நான் மறுக்கவில்லை. அதையும் போட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் நான் வெறும் பெயருக்காக அலைகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது பேச்சு ஃபிரிட்ஜ் கேஸைத் தாண்டிவிட்டது. கரிப்புகை, பெட்ரோல் புகை எல்லாமே பூமியைச் சூடாக்குகின்றன, இப்போதே குறைக்க வேண்டும் என்கிறார்கள். அதைச் சொன்னால் மாம்பலத்தில் அதே சிரிப்பு, மயிலாப்பூரில் அதே ‘நிரூபணம் ஆகட்டும்’, என் பக்கத்து வீட்டில் அதே திராட்சை. கேஸ் விஷயத்தில் இந்த ஆட்கள் எப்படிப் பேசினார்கள் என்று ஒருவருக்கும் நினைவில்லை. ஏனென்றால், சிரித்தவர்கள் எல்லாரும் தாங்களும் ஆரம்பத்திலேயே சொன்னவர்கள் என்று ஷீல்டு வாங்கிக்கொண்டுவிட்டார்கள். சொன்னவனுக்கும் சிரித்தவனுக்கும் ஒரே மாலை என்றால், அடுத்த சத்தம் மாறும்போது எவன் வாயைத் திறப்பான்?

ஆகவே சங்கத்தாருக்குச் சொல்கிறேன். நான் சொல்வது பொய் என்று நினைப்பவர்கள் மெஷினின் இடது காலில் அடித்திருக்கும் பச்சை பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். காதர் பாயின் உளி வெட்டியது பெயின்ட்டுக்கு அழியாது. அடுத்த மலரில், அதே நடுப்பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். மெஷினைக் கட்டியவன் ஏகாம்பரம். பற்றவைத்தவர் லஸ் காதர் பாய். ஐஸ் சுமந்தவன் கஜேந்திரன். ஏகாம்பரம் முன்கூட்டியே வந்து சொன்னான், அன்று நாங்கள் சிரித்தோம்.

அந்தக் கடைசி வரியை இடமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் மாலை போட்ட படத்தை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.